பதினைந்தாயிரத்தில் ஒன்று: பச்சைக் குழந்தையின் பித்தநாள அடைப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்றால் நம் வீடுகளில் யாரும் பெரிதாகப் பதறுவதில்லை. பெரும்பாலும் பதற வேண்டியதும் இல்லை. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கு முதல் வாரத்தில் கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. குறைமாதக் குழந்தைகளில் அது எண்பது வரை போகும். சில குழந்தைகளை ஓரிரு நாள் நீல விளக்கின் கீழ் படுக்க வைப்பார்கள். மற்றவர்களுக்கு அதுவும் தேவைப்படாது. "காலை வெயில்ல கொஞ்சம் காட்டு, சரியாப் போயிடும்" என்று பாட்டி சொல்வார். பெரும்பாலும் சரியாகத்தான் போகிறது.

இந்தக் கட்டுரை அந்த "பெரும்பாலும்" என்ற சொல்லுக்குள் அடங்காத ஒரு குழந்தையைப் பற்றியது. நோயின் பெயர் பிலியரி அட்ரீசியா. தமிழில் பித்தநாள அடைப்பு எனலாம். நான் மருத்துவன் இல்லை, சாப்ட்வேர் எஞ்சினியர். எங்கள் டீமில் ஒருவருடைய அக்கா குழந்தைக்கு இந்த நோய் இருப்பது தெரிந்தபோது, அவர் காட்டிய ரிப்போர்ட்டுகளில் இருந்த சொற்களுக்கு அர்த்தம் தேடப் போய், மாதக்கணக்கில் படித்ததன் குறிப்புகள் இவை. படிக்கப் படிக்க ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. நோய் அரிதானது, சிகிச்சை கடினமானது. ஆனால் அதன் முதல் தடயம் தினமும் அம்மா மாற்றும் துணியிலேயே இருக்கிறது.

பித்தநீர் போகும் பாதை

நம் ரத்தச் சிவப்பணுக்கள் வயதாகிச் சிதையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் நிறக் கழிவு உண்டாகிறது. அது தண்ணீரில் கரையாது. கல்லீரல் அதைப் பிடித்து, ஒரு சர்க்கரை அமிலத்தோடு ஒட்டி, தண்ணீரில் கரையும்படி மாற்றுகிறது. பிறகு பித்தநீரோடு சேர்த்துப் பித்தநாளம் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அதை மேலும் மாற்றுகின்றன. மலத்துக்கு மஞ்சளும் பழுப்புமான நிறம் வருவது இதனால்தான்.

ஆக, பிலிரூபினில் இரண்டு வகை. கல்லீரல் இன்னும் கை வைக்காதது ஒன்று. இதை லேப் ரிப்போர்ட்டில் 'இன்டைரக்ட்' என்று போடுவார்கள். கல்லீரல் பதப்படுத்தி முடித்தது இன்னொன்று, அது 'டைரக்ட்'. சாதாரணப் பச்சைக் குழந்தைக் காமாலையில் ஏறுவது இன்டைரக்ட். குழந்தையின் கல்லீரல் புதுசு, இன்னும் வேகம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பித்தநாள அடைப்பில் கதை வேறு. கல்லீரல் தன் வேலையைச் செய்து முடிக்கிறது, ஆனால் வெளியேறும் வழி மூடியிருக்கிறது. கல்லீரலுக்கு வெளியே இருக்கும் பித்தநாளங்கள் வீங்கி, தழும்பாகி, நாராகச் சுருங்கிவிடுகின்றன. பதப்படுத்திய பிலிரூபின் திரும்ப ரத்தத்துக்குள்ளேயே வழிகிறது. அது தண்ணீரில் கரையும் என்பதால் சிறுநீரில் இறங்கி, துணியில் அடர் மஞ்சள் கறையாகப் படிகிறது. குடலுக்கு நிறமி வராததால் மலம் வெளுக்கிறது. களிமண் மாதிரி, அரிசி மாவு மாதிரி, சிலருக்கு வெளிறிய சந்தன நிறத்தில். உள்ளே தேங்கும் பித்தநீர் கல்லீரலையே அரிக்க ஆரம்பிக்கிறது. சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. முதல் சில வாரங்களில் இந்தக் குழந்தை பார்க்க நன்றாகவே இருக்கும். பால் குடிக்கும், எடை போடும், சிரிக்கும்.

ஒரு புனல் கணக்கு

ஐரோப்பா, அமெரிக்காவில் ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு இந்த நோய் வருகிறது. ஜப்பானில் சுமார் 10,000க்கு ஒன்று. தைவானில் இன்னும் அதிகம், 5,000 அல்லது 6,000க்கு ஒன்று.

கணக்குக்கு 15,000 குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். முதல் வாரத்தில் மஞ்சளாக இருப்பவர்கள் சுமார் 9,000 பேர். நாம் தேடும் குழந்தை அந்த 9,000க்குள் ஒளிந்திருக்கிறது. இந்தக் கட்டத்தில் கண்ணால் பார்த்துப் பிரிக்க யாராலும் முடியாது.

இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். அப்போதும் மஞ்சள் போகாதவர்கள் நூற்றுக்கு 2 முதல் 15 பேர் என்கின்றன ஆய்வுகள். அதாவது 300 முதல் 2,250 பேர். இவர்களில் பெரும்பாலோர் தாய்ப்பால் குடிக்கும் ஆரோக்கியமான குழந்தைகள். தாய்ப்பாலால் நீடிக்கும் காமாலை உண்மையிலேயே உண்டு, அது தீங்கற்றது. "தாய்ப்பால் குடிக்கிற புள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்" என்று சொல்பவர் பெரும்பாலும் சரியாகவே சொல்கிறார். அதனால்தான் அந்தப் பதில் ஆபத்தானதும்கூட.

இந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு சோதனை, டைரக்ட் பிலிரூபின் எவ்வளவு என்று தனியாகப் பார்ப்பது. பித்தநீர் தேங்கும் நோய்கள் எல்லாம் சேர்த்துச் சுமார் 2,500 குழந்தைகளுக்கு ஒன்று. ஆக 15,000 பேரில் மிஞ்சுவது ஏறக்குறைய ஆறு பேர். அந்த ஆறு பேரில் ஒன்றுதான் நாம் தேடுகிற குழந்தை.

9,000த்திலிருந்து ஆறுக்கு வர இரண்டே படிகள். ஒன்று காலண்டர், இன்னொன்று ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை. ஆனால் ரிப்போர்ட்டில் மொத்த பிலிரூபின் மட்டும் கேட்டிருந்தால் இரண்டாவது படி நடக்காது. மொத்தம் என்பது ஒரு கூட்டுத்தொகை. கூட்டித் தந்த எண்ணுக்குள் எது ஏறியது, எது இறங்கியது என்று தெரியாது.

இன்னொரு பழக்கமும் சிக்கல் தந்திருக்கிறது. டைரக்ட், மொத்தத்தில் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கவலையில்லை என்று ஒரு விதியை வைத்திருந்தார்கள். மொத்தம் 9, டைரக்ட் 1.6 என்று வந்தால் அது 18 சதவீதம்தான். விதிப்படி பாஸ். ஆனால் 1.6 என்பதே அதிகம். டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினாலே அசாதாரணமாக எடுத்துக்கொண்டு தொடர வேண்டும் என்பது குழந்தைகள் குடல்-கல்லீரல் மருத்துவர்களின் 2017 வழிகாட்டுதல்.

2011இல் அமெரிக்காவின் டெக்சாஸிலிருந்து சஞ்சீவ் ஹர்பவத் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பித்தநாள அடைப்பு என்று பின்னால் உறுதியான குழந்தைகளின் பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்தார்கள். பிறந்து ஓரிரு நாளில் டைரக்ட் பிலிரூபின் பார்த்திருந்த எல்லோருக்குமே அப்போதே அது உயர்ந்துதான் இருந்தது. எங்கள் தொழிலில் சர்வர் விழுந்த பிறகு லாக் ஃபைலைத் திறந்தால் மூன்று வாரம் முன்னாலேயே எச்சரிக்கை எழுதியிருக்கும். அது மாதிரிதான். இங்கே விழுவது சர்வர் இல்லை.

உறுதி செய்வது எப்படி?

அந்த ஆறு பேரில் யார் என்று கண்டுபிடிப்பதுதான் நிபுணர்களின் வேலை. ரத்தத்தொற்று, சிறுநீர்த் தொற்று, தைராய்டு குறைவு, காலக்டோசீமியா என்ற பால் சர்க்கரைக் கோளாறு, ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் குறைபாடு, அலஜில் சிண்ட்ரோம் எனப் பட்டியல் நீளும். ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போக வேண்டும். அதே சமயம் நாளைக் கடத்தவும் கூடாது.

முதலில் அல்ட்ராசவுண்ட். குழந்தையைச் சில மணி நேரம் பட்டினி போட்டு எடுப்பார்கள், அப்போதுதான் பித்தப்பை நிரம்பித் தெரியும். பித்தப்பை இல்லாமலோ, சுருங்கி ஒழுங்கற்றோ இருந்தால் சந்தேகம் வலுக்கும். கல்லீரலின் வாசலில் முக்கோண வடிவில் நார்த்திசு தெரிவதும் ஓர் அடையாளம். ஆனால் ஸ்கேன் நார்மல் என்று வந்துவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை.

ஹைடா ஸ்கேனில், லேசான கதிரியக்கப் பொருளை ஊசி மூலம் ஏற்றி, அது குடலுக்கு வந்து சேர்கிறதா என்று பார்க்கிறார்கள். வந்துவிட்டால் அடைப்பு இல்லை என்று பெரும்பாலும் நிம்மதி அடையலாம். வராவிட்டால் அடைப்பு என்று தீர்மானிக்க முடியாது, கல்லீரலே சோர்ந்திருந்தாலும் வராது. அதன்பின் ஊசி வழியே கல்லீரலில் ஒரு துணுக்கு எடுத்து பயாப்ஸி. சிறு பித்தக்குழாய்கள் பெருகியிருப்பதும், அவற்றில் பித்தநீர் அடைத்து நிற்பதும் அடைப்பைக் காட்டும். எம்எம்பி-7 என்ற புரதத்தை ரத்தத்தில் அளக்கும் சோதனையும் இப்போது நம்பிக்கை தருகிறது.

கடைசித் தீர்ப்பு ஆபரேஷன் தியேட்டரில். பித்தப்பைக்குள் சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். சாயம் ஒரு பக்கம் கல்லீரலுக்கும் இன்னொரு பக்கம் குடலுக்கும் ஓடினால் நாளம் திறந்திருக்கிறது, மூடித் தைத்துவிடலாம். ஓடாவிட்டால் அதே மேஜையில் அறுவை சிகிச்சை தொடரும்.

இடையில் மறக்கக் கூடாத ஒன்று வைட்டமின் கே. கொழுப்பில் கரையும் வைட்டமின்களை உறிஞ்சப் பித்தநீர் வேண்டும். அது இல்லாததால் ரத்தம் உறையும் திறன் குறைகிறது. சில குழந்தைகளுக்கு முதல் அறிகுறியே தொப்புளிலோ மூக்கிலோ ரத்தக்கசிவுதான். மூளைக்குள் கசிந்தவர்களும் உண்டு.

கசாயின் அறுவை சிகிச்சை

1950கள் வரை இந்த நோயைச் 'சரிசெய்யக்கூடியது', 'சரிசெய்ய முடியாதது' என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள். பெரும்பாலான குழந்தைகள் இரண்டாவது வகை. வயிற்றைத் திறந்து, நாளம் இல்லை என்று பார்த்து, மூடி அனுப்பிவிடுவார்கள்.

1955இல் ஜப்பானின் செண்டாய் நகரில், தொஹோகு பல்கலைக்கழகத்தில் மோரியோ கசாய் அப்படி ஒரு குழந்தைக்கு அறுவை செய்தார். நாளங்கள் வெறும் நாராக இருந்தன. கல்லீரலின் வாசலில் வெட்டிய இடத்தில் ரத்தம் கசிந்தது. அதை நிறுத்த சிறுகுடலின் முதல் பகுதியை அந்த இடத்தின் மேல் வைத்துப் பொருத்தினார். பிறகு யாரும் எதிர்பாராத விதமாகக் குழந்தையின் மலத்தில் நிறம் வந்தது, மஞ்சள் இறங்கியது. வெளியே பெரிய நாளங்கள் மூடியிருந்தாலும், வாசலில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் திறந்திருக்கின்றன என்பது அப்போதுதான் புரிந்தது. 1959இல் ஜப்பானிய மொழியில் இதை எழுதினார்கள். ஆங்கிலத்தில் விரிவாக வந்தது 1968இல். இன்றுவரை முதல் சிகிச்சை அதுதான், பெயரே 'கசாய்'. நாரான நாளங்களை வாசல்வரை வெட்டி நீக்கிவிட்டு, சிறுகுடலின் ஒரு துண்டை மேலே கொண்டுவந்து கல்லீரலோடு நேரடியாகத் தைக்கிறார்கள்.

அந்த நுண்குழாய்களும் நாளாக ஆக மூடிக்கொண்டே போகும். அதனால்தான் இந்த நோயில் நாள் கணக்கு இவ்வளவு முக்கியம். 60 நாளுக்குள் செய்தால் நல்லது என்று எங்கும் படிக்கலாம். 61ஆம் நாள் கதவு மூடிவிடும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அது ஒரு சரிவு. 30ஆம் நாள் 50ஐ விட நல்லது, 50 என்பது 80ஐ விட நல்லது.

நல்ல அனுபவமுள்ள மையங்களில் பாதிக்கும் சற்று அதிகமான குழந்தைகளுக்குக் கசாய்க்குப் பிறகு மஞ்சள் தெளிகிறது. மூன்று மாதத்தில் மொத்த பிலிரூபின் 2க்குக் கீழே இறங்கினால் எதிர்காலம் பற்றி நம்பிக்கையோடு பேசலாம். ஸ்டீராய்டு கொடுத்தால் இன்னும் நன்றாக ஓடுமா என்று 140 குழந்தைகளிடம் நடத்திய அமெரிக்க ஆய்வு 2014இல் வெளியானது. குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. அதன்பின் வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியவை: ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள், எளிதில் உறிஞ்சப்படும் கொழுப்புள்ள பால், மருந்துகள். காய்ச்சல் வந்தால் 'சளிக் காய்ச்சல்தான்' என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. பித்தக்குழாய்த் தொற்றாக இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரி.

கல்லீரல் மாற்று

கசாய் பலிக்காதவர்களுக்கும், பலித்தும் பின்னாளில் கல்லீரல் சுருங்கிப் போகிறவர்களுக்கும் மாற்று சிகிச்சை. உலக அளவில் குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்று செய்ய முதல் காரணமே இந்த நோய்தான். 1963இல் டென்வரில் தாமஸ் ஸ்டார்சல் செய்த உலகின் முதல் மனிதக் கல்லீரல் மாற்றும் பித்தநாள அடைப்புள்ள மூன்று வயதுச் சிறுவனுக்குத்தான். அவன் மேஜையிலேயே இறந்துபோனான். 1989இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ரஸ்ஸல் ஸ்ட்ராங், ஒரு ஜப்பானியத் தாயின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து அவர் மகனுக்குப் பொருத்தினார். உயிரோடிருப்பவர் தந்த கல்லீரல் வெற்றிகரமாக வேலை செய்தது அதுவே முதல் முறை. கல்லீரல் வளரக்கூடியது. கொடுத்தவருக்கும் வளர்கிறது, வாங்கிய குழந்தைக்கும் உடம்போடு சேர்ந்து வளர்கிறது.

இந்தியாவில் வெற்றிகரமான முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று 1998 நவம்பரில் டெல்லியில் நடந்தது. குழந்தை நம் காஞ்சிபுரத்துக்காரன், இரண்டு வயது நிரம்பவில்லை. நோய் இதேதான், கல்லீரல் தந்தவர் அப்பா. அந்தக் குழந்தை வளர்ந்து இன்று டாக்டர். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் கல்லீரல் மாற்று இப்போது சேர்ந்திருக்கிறது.

பித்தநாள நீர்க்கட்டி

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொரு கோளாறு பித்தநாள நீர்க்கட்டி. இதில் நாளம் மூடுவதில்லை, பலூன் மாதிரி உப்புகிறது. ஆசியாவில் அதிகம், பெண் குழந்தைகளுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். வயிற்றுவலி, காமாலை, வயிற்றில் கட்டி என்று மூன்றையும் பாடப்புத்தகம் சொல்லும். மூன்றும் சேர்ந்து வருவது குறைவு. காரணமில்லாமல் திரும்பத் திரும்ப வயிற்றுவலி வரும் குழந்தைக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். கட்டியை முழுதாக எடுத்துவிட்டுக் குடலை நாளத்தோடு இணைப்பதே சிகிச்சை. விட்டுவைத்தால் பெரியவர்களான பிறகு புற்றுநோயாக மாறும் அபாயம் உண்டு.

"நான் என்ன சாப்பிட்டேன்?"

இந்தக் குழந்தைகளின் அம்மாக்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. அவர்கள் கேட்காவிட்டாலும் சுற்றியிருப்பவர்கள் கேட்டுவிடுவார்கள். பித்தநாள அடைப்புக்குக் காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. கர்ப்பத்தில் அம்மா பப்பாளி சாப்பிட்டதோ, கிரகணத்தில் வெளியே போனதோ காரணம் இல்லை. பெரும்பாலும் பரம்பரையாகவும் வருவதில்லை.

ஆஸ்திரேலியாவிலிருந்து மட்டும் ஒரு வினோதத் தடயம் கிடைத்தது. நியூ சவுத் வேல்ஸில் வறட்சிக் காலங்களில், அணை வற்றிய நிலத்தில் முளைத்த ஒரு களைச்செடியைச் சினை ஆடுகள் மேய்ந்தன. பிறந்த குட்டிகளுக்குப் பித்தநாளம் மூடியிருந்தது. அந்தச் செடியின் சாற்றைப் பிரித்துப் பிரித்து வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் சோதித்து, 2015இல் காரணமான நச்சைப் பிடித்தார்கள். 'பிலியாட்ரெசோன்' என்று பெயர் வைத்தார்கள். மனிதர்கள் அந்தச் செடியைச் சாப்பிடுவதில்லை. ஆகவே இது மனித நோய்க்கு விடை கிடையாது. நாளம் எப்படிச் சிதைகிறது என்று பார்க்க ஒரு ஜன்னல் மட்டும்.

ஒரு வண்ண அட்டை

காரணம் தெரியாததால் தடுக்க முடியாது. ஆனால் சீக்கிரம் கண்டுபிடிக்க முடியும். 1994இல் ஜப்பானின் டோச்சிகி மாநிலத்தில் அகிரா மட்சுயி என்ற மருத்துவர் மலத்தின் நிறங்களை அச்சிட்ட அட்டையை அம்மாக்களிடம் கொடுக்க ஆரம்பித்தார். 2004இல் தைவான் அதை நாடு முழுக்கக் குழந்தை நலக் கையேட்டிலேயே சேர்த்தது. அட்டைக்கு முந்தைய காலத்தில், அறுவை முடிந்து மூன்று மாதத்தில் மஞ்சள் தெளிந்தவர்கள் சுமார் 35 சதவீதம். அட்டை வந்தபின் சுமார் 61. புது மருந்து இல்லை, புது இயந்திரம் இல்லை. அச்சிட்ட ஓர் அட்டை. 2012 முதல் ஜப்பானிலும் நாடு முழுக்கத் தாய்-சேய் கையேட்டில் இருக்கிறது.

நம் ஊர்க் காலண்டரைப் பாருங்கள். பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்தால், குழந்தை மறுபடி ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பது பெரும்பாலும் ஒன்றரை மாத ஊசிக்குத்தான். அதற்குள் 45 நாள் போய்விடும். அப்போது சந்தேகம் வந்து சோதனைகள் முடிய இரண்டு வாரமானால் 60 தாண்டிவிடும். ஆனால் இடையில் ஒரு சந்திப்பு ஏற்கெனவே இருக்கிறது. மத்திய அரசின் வீட்டுவழிப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டப்படி சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வர வேண்டிய நாட்கள் 3, 7, 14, 21, 28, 42. அந்த 14ஆம் நாள் போதும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கிறார்கள். ஐரோப்பிய விகிதத்தை அப்படியே போட்டாலும் ஆண்டுக்கு ஐம்பது அறுபது குழந்தைகள். வாரத்துக்கு ஒன்று.

ஆகவே வீட்டில் பச்சைக் குழந்தை இருந்தால் இதை மட்டும் நினைவில் வையுங்கள். 14 நாள் ஆகியும் கண்ணின் வெள்ளையில் மஞ்சள் இருக்கிறதா? மலம் கடுகு மஞ்சளோ பச்சையோ இல்லாமல் வெளிறி இருக்கிறதா? சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விடுகிறதா? மலத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், டியூப்லைட்டில் நிறம் ஏமாற்றும். சந்தேகமாக இருந்தால் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், டாக்டரிடம் வார்த்தையில் விளக்குவதைவிட அது எளிது. மலம் வெளுத்திருந்தால் 14 நாள்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒரே வரி: "டைரக்ட் பிலிரூபின் தனியா பார்த்துடலாமா, டாக்டர்?"

கேட்கிற பெற்றோரில் மிகப் பெரும்பாலோர், ரிசல்ட் நார்மல் என்று சிரித்துக்கொண்டே வீடு திரும்புவார்கள். திரும்பட்டும். ஒரு சிறு ரத்த மாதிரி, கொஞ்சம் அழுகை, அதோடு முடிந்தது. அந்த ஒரு குழந்தைக்கு மட்டும் அன்று ஒரு மாதம் மிச்சமாகும்.